கன்னிமார் மரத்துக் காய்

தீவுப் பயணத்துக்கு நான் இன்னும் கட்டைவிரல் தூக்கவில்லை என்று நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகப் பஞ்சாயத்து நடக்கிறது. எனக்கு மூட்டுவலி என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். சர்க்கரை ஏறியிருக்கும் என்றார் இன்னொருவர். மருமகள் விடமாட்டாளாக்கும் என்று எழுதிய மகராசிக்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன், நேரில் பார்க்கும்போது தருகிறேன். மூட்டு, சர்க்கரை, மருமகள் மூன்றும் நம் வயதுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கின்றன.

விஷயம் வேறு. நீங்கள் அனுப்பிய பட்டியலில் நான்காம் நாள் காலை, 'பழத்தோட்டம் காணுதல், விரும்பியபடி பறித்து உண்ணலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் ஏற்கெனவே ஒரு தீவில் பழத்தோட்டம் கண்டவள். விரும்பியபடி பறித்தும் உண்டவள். அதை இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை அது. அம்மாவுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் கால் நிற்காத என்னை ஒரு மாதத்துக்கு அப்பாவின் அக்காவிடம் அனுப்பிவைத்தார்கள். அத்தையும் மாமாவும் அந்த வருஷம் அணைக்குள் இருந்த ஒரு மாந்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது சுற்றியிருந்த நிலமெல்லாம் முழுகி, கரடு என்று நாங்கள் சொல்லும் சின்னக் குன்று மட்டும் மேலே நின்றுவிட்டது. அதன் மேல்தான் மாமரங்கள். தீவு என்கிற சொல் அங்கே யார் வாயிலும் வந்ததில்லை. மலையாளத்தில் சொல்கிறபடி துருத்து என்பார்கள். மற்ற வருஷங்களில் சித்திரை பிறந்தால் தண்ணீர் வற்றி நடந்தே போய்விடலாமாம். அந்த வருஷம் மழை கூடுதல். தண்ணீர் இறங்கவே இல்லை.

மாமா என்னைக் கூட்டிப்போனது வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடும் நாள். பஸ்ஸிலிருந்து இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் சந்தைக்குள் நுழைந்தார். வாங்குகிற எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், வயதைச் சொன்னார். விற்க வந்தவர் அதில் பாதி வயதைச் சொல்லிச் சாதித்தார். மாமா சிரித்தபடி, "செரி, நீங்க சொல்றதையே வெச்சுக்கலாமுங்க" என்று நகர்ந்துவிட்டார். கண்ணால் கண்டதை வாயால் சொல்லிச் சண்டைக்கு நிற்கிற ஆள் அவர் இல்லை என்பதை நான் அன்றைக்கே கவனித்திருக்கலாம். ஒன்பது வயதில் நான் கவனித்தது காளையின் எச்சில் மாமாவின் கைக்கடிகாரத்தில் வழிந்ததை மட்டும்தான்.

அணைக்கரையில் பரிசலோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தோட்டத்துக் காவல்காரரின் மகள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். காவல்காரர் ஏலப்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்தவர். மனைவி இறந்த பிறகு மகளோடு மலையிலிருந்து இறங்கி வந்து இந்தத் துருத்தில் காவலுக்கு இருந்தார். நான் அந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா துடுப்பை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நடுவுல உக்காரு பிள்ள. எந்திரிச்சு ஆட்டம் காட்டுனேன்னா மூணு பேரும் மீனுக்குத் தீனி."

பரிசலின் அடியில் பூசியிருந்த தார் வெயிலில் இளகி என் பாவாடையில் ஒட்டிக்கொண்டது. பாதித் தண்ணீர் தாண்டும்போதே மாங்காய் வாசனை வந்துவிட்டது. பழுத்த வாசனை இல்லை, மண்ணெண்ணெய் கலந்த மாதிரி மூக்கில் ஏறுகிற பச்சை வாசனை. அதுதான் காம்புப் பாலின் வாசனை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தக் கதை உங்களுக்குப் பிடிபடாது. மரத்திலிருந்து காயைக் காம்பில்லாமல் ஒடித்தால் ஒடித்த இடத்திலிருந்து பால் பீய்ச்சி அடிக்கும். தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் வெந்து கொப்புளிக்கும். அதனால் பறிக்கிறவர்கள் வலை கட்டிய தொரட்டியால் ஒரு விரல் காம்போடு பறிப்பார்கள். கீழே வந்ததும் காம்பைக் கிள்ளி, காயைத் தலைகீழாக வைக்கோலில் வைத்துப் பாலை வடியவிட வேண்டும். வடிந்தபின் தரம் பிரித்துக் கூடையில் அடுக்க வேண்டும். துருத்தில் அந்த வேலை முழுக்க அக்காவுடையது. பறிக்கிற ஆட்கள் காலையில் கரையிலிருந்து வியாபாரியின் தோணியில் வந்து மாலையில் காயோடு போய்விடுவார்கள். அக்கா ஒரு காயைக் கையில் எடுத்தாலே போதும், அது எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவாள்.

"இந்தப் புள்ள கை வெச்ச கூடையில ஒரு காய் அழுகாது" என்று ஒறம்பரையாக வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் மாமா சொல்லுவார்.

நாங்கள் இருந்தது சாளையில். தோட்டத்துக் கொட்டகைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஓலைக் கூரை, மண் சுவர், இரண்டு தடுப்பு. சமையலும் அக்காதான். அத்தை மேற்பார்வை. காவல்காரரும் மகளும் பக்கத்திலேயே ஒரு குடிசையில் இருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் அக்காவுக்கும் ஒரு தொழில் இருந்தது. நான் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து டாக்டர் ஆவேன். அக்கா எதிரே கைகட்டி நிற்பாள். பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இன்டர்வ்யூ கார்டு வந்திருந்தது. மலையில் இருந்தபோதே பத்தாவது தேறியிருந்தாள். கரையிலிருந்த டீக்கடையில் போஸ்ட்மேன் கொடுத்துவிட்டுப்போன அந்தக் கார்டைத் தகரப்பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணி.

"ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருங்களா?" என்று நான் கேட்பேன்.

"வராது டாக்டர். எஸ்டேட்ல கவ்வாத்துக் கத்தி பட்டு ஒருத்தருக்கு விரல் தொங்கிப்போச்சு. நாந்தான் துணி சுத்தி ஆசுபத்திரி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போனேன்."

"எதுக்கு நர்ஸாகோணும்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் தினம் ஒரு பதில் வரும். ஒருநாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"இது போச்சுன்னா வைகாசில கல்யாணம் டாக்டர். எங்க சித்தப்பா மலையில ஆள் பாத்து வச்சிருக்காரு. பொறவு ஆயுசுக்கும் தேயிலக் கொழுந்துக் கூடையச் சொமக்குறதுதான்." பிறகு சிரித்தாள். "இத அங்க சொல்லக்கூடாது பிள்ள. நோயாளிகளுக்குச் சேவை செய்யணும்னு சொல்லணும். எங்க, திருப்பிக் கேளு."

திருப்பிக் கேட்பேன். சேவை என்பாள். நான் பாஸ் போடுவேன். இடம் கிடைத்தால் காவல்காரரும் பாலக்காட்டுக்கே போய் ஏதாவது வேலை பார்த்துக்கொள்வது என்று பேசியிருந்தார்கள். மாமாவிடமும் சொல்லியிருந்தார்கள். "போயிட்டு வரட்டும், நல்லதுதான்" என்றார் மாமா. அவர் எதையும் அப்படித்தான் சொல்வார்.

நீல நிறத்தில் ஒரு சேலை வைத்திருந்தாள். செம்பில் அடுப்புக் கங்கைப் போட்டு, சூடேறிய செம்பின் அடியால் அதைத் தேய்த்துத் தேய்த்து மடிப்பு எடுப்பாள். இன்டர்வ்யூவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே மூன்று தடவை தேய்த்தாயிற்று.

கரட்டின் உச்சியில் ஒரு பழைய மரம் நின்றது. அதன் அடியில் ஏழு கல். கன்னிமார். அந்த மரத்துக் காயை யாரும் தொடக்கூடாது. சித்திரைக் கடைசி வெள்ளியன்று அத்தை பொங்கல் வைத்து, அந்த மரத்தின் முதல் காய்களைக் கன்னிமாருக்குப் படைப்பதாக வேண்டுதல். அத்தைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. வேண்டுதல் எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் ஒன்பது வயதுக்கு அது தெரியாமல் இல்லை.

"சாமிக்கு முந்தி வாய் வெச்சா வாய் வெந்து போயிரும் கண்ணு. அந்தப் பக்கமே போயிராத" என்று நான் வந்த அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டாள்.

சொல்லாமல் இருந்திருந்தால் போயிருக்கமாட்டேனோ என்னவோ. தோட்டம் முழுக்கக் கொட்டிக்கிடந்த காய் சலித்துவிட்டது. சனிக்கிழமை மதியம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரம் மேலே ஏறினேன். எட்டுகிற உயரத்தில் ஒன்று தொங்கியது. திருகினேன், காம்பில்லாமல் வந்தது. அப்படியே வாயில் வைத்துக் கடித்தேன். பால் உதட்டிலும் கன்னத்திலும் அடித்தது. புறங்கையால் துடைத்தேன், கையைப் பாவாடையில் துடைத்தேன், மறுபடி வாயைத் துடைத்தேன். புளிப்பு பல்லைக் கூசவைத்தது. இரண்டாவது கடி கடிக்க முடியவில்லை. தண்ணீரில் எறிந்தேன். முழுகாமல் மிதந்தது. அது அலையில் நகர்ந்து கண்ணுக்கு மறைகிறவரை கல்லெறிந்துகொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது உதடு தடித்துப் பேச வரவில்லை. வாயைச் சுற்றிக் கொப்புளம், கன்னத்தில் நாலைந்து, இரண்டு மணிக்கட்டிலும். அத்தை விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. ஆத்தா வந்திருக்கறா."

மாமா வந்தார். என் முகவாயைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு என் வலதுகையை எடுத்து மோந்து பார்த்தார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் கேட்டுக்கொள்ள எனக்கு ரொம்ப காலம் ஆனது.

"மாங்கா கடிச்சயா கண்ணு?"

"இல்லீங் மாமா."

"கன்னிமார் மரத்துப் பக்கம் போனயா?"

"இல்லீங்."

மாமா அதட்டவில்லை. "அப்படீன்னா வந்து சத்தியம் பண்ணீரு" என்று என்னைத் தூக்கிக்கொண்டு கரட்டின்மேல் ஏறினார். நடுக்கல்லின்மேல் என் கையை வைத்தார். வெயில் ஏறாத நேரம், கல் சில்லென்று இருந்தது. நான் கடிக்கவில்லை என்று சொன்னேன்.

மாங்காய்ப் பால் பட்ட புண்ணை மாங்காய்க்காரர்களுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் கன்னிமார் கல்லைத் தொட்டுச் சொன்ன வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது. வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் அந்தத் தொடலோடு முடிந்துவிடும். தோற்றவனும் எழுந்து போய்விடுவான். பிள்ளைகள் பொய் சொல்லும், ஆனால் கல்லைத் தொட்டுச் சொல்லாது என்று நம்பினார்கள். கண்ணில் பட்டதைத் தள்ளிவைத்துவிட்டுச் சத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறமென்ன, அம்மைதான்" என்றார் மாமா. "மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் ஊட்டு ஆளுக ஆரும் தண்ணி தாண்டப்படாது."

சாளை வாசலில் வேப்பங்கொத்து ஏறியது. தாளிப்பது நின்றது. எனக்கு இளநீர், கூழ், வேப்பிலைப் படுக்கை. அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தவள் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள். என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டு அத்தையிடம் திரும்பினாள்.

"அம்மா, அம்மை மொதல்ல நெஞ்சுலயும் முதுகுலயும்தான் போடும். எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல நெறய பாத்திருக்கேன். பிள்ளைக்கு வாயச் சுத்தியும் கையிலயுந்தான இருக்கு."

தடுப்புக்கு அந்தப்புறமிருந்து மாமாவின் குரல் வந்தது. "நர்ஸாகறதுக்கு முந்தியே டாக்டராயிட்டயாட்ட இருக்குது."

அத்தை சிரித்தாள். உதடு வலிக்க நானும் சிரித்தேன். அக்கா செம்பை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளும் அக்கா காய் பிரிக்கிற வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேப்பங்கொத்தால் விசிறினாள். செவ்வாய்க்கிழமை தன் இடது முழங்கையை என் கண் முன்னால் நீட்டினாள். உள்பக்கத்தில் மிளகளவு ஒரு கொப்புளம், சுற்றிலும் சிவந்து, என் கையில் இருந்ததைப் போலவே இருந்தது.

"நேத்து ஒரு சொட்டுப் பால் விட்டேன்" என்றாள் மெதுவாக. "எனக்கும் அம்மையா பிள்ள?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வியாழக்கெழம நான் போகணும். ஒனக்குத் தெரியும்ல. மாமாட்ட ஒரு வார்த்த சொல்லு. அடிக்க மாட்டாங்க. அடிச்சா நான் குறுக்க விழுறேன்."

காய்ச்சல்காரி மாதிரி முனகினேன். காய்ச்சலே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் காரணங்கள் வரிசையாக வருகின்றன. கல்லைத் தொட்ட பயம் ஒன்று. சொன்னால் அத்தையின் வேண்டுதல் கெட்டுப்போகும் என்பது ஒன்று. அத்தை என் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை. என் விரல் நகத்தைக்கூட அவள்தான் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள். அந்த நாட்களில் அவளுக்கு ஒரு குழந்தை இருந்தது. இதெல்லாம் வயதான பிறகு கோத்துக்கொண்டது. இளநீரும் விசிறியும் கும்பிடும் எனக்குப் பிடித்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை மதியம் காவல்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாளை வாசலுக்கு வந்தார். மண் சுவரில் இருந்த சின்ன சன்னல் வழியாக எனக்கு அவர் முதுகு தெரிந்தது.

"அய்யா, நாளைக்கு விடிய பிள்ளையக் கரையில விட்டுட்டு வந்திருதேன். யார் வீட்டுக்குள்ளயும் போகமாட்டா. இன்டர்வ்யூ முடிஞ்சா நேரா இங்கதான்."

"ஆத்தா வந்த எடத்துலிருந்து தண்ணி தாண்டறது தப்புன்னு உனக்கு நாஞ் சொல்லோணுமா?" என்றார் மாமா. குரல் இதமாகத்தான் இருந்தது. "போற எடம் வேற ஆஸ்பத்திரி. நோவாளிக இருக்கற எடத்துக்கு இதைக் கொண்டுபோயிக் கொடுக்கறதா? இன்டர்வ்யூ அடுத்த வருசமும் வைப்பாங்க. போயிக்கட்டும்."

காவல்காரர் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். பறிக்கிற ஆட்கள் நாலு பேர் தோணியில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அவர் பார்த்த திசையில் பார்த்தார்.

"அவங்க சாளைக்குள்ள வர்றதில்ல. உன்ற மக உள்ளாற நின்னு சோறாக்கறவ" என்றார்.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் காவல்காரர் போனார்.

பரிசலை அவிழ்த்துக்கொண்டு அவள் போயிருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். துடுப்புப் போடத் தெரிந்தவள்தான். அம்மை வீட்டிலிருந்து போய், கரையில் யாருக்காவது ஏதாவது வந்தால் பழி யார்மேல் விழும்? காவலும் குடிசையும் மாமா கொடுத்தது. பரிசலும் மாமாவுடையது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நான் அம்பு இல்லை, எய்தவளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

வியாழக்கிழமை விடிந்ததும் அக்கா சாளை வாசலில் வந்து நின்றாள். குளித்து, ஈரத்தலையை இறுக்கிப் பின்னி, அந்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க புள்ள கெளம்பீட்ட?"

"எங்கயும் இல்லம்மா" என்றாள் அக்கா.

என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராக வைக்கோல் போட்ட இடத்துக்குப் போய் உட்கார்ந்து காய் பிரிக்க ஆரம்பித்தாள். அன்று முழுக்க அதே சேலையில்தான் இருந்தாள். காம்பைக் கிள்ளும்போது மடியில் தெறிக்காமல் பிடிக்க அவளைவிடத் தெரிந்தவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. அன்றைக்கு அவள் அப்படிப் பிடிக்கவில்லை. பால் பட்ட துணியில் கறை கறுப்பாக ஏறும், எதற்கும் போகாது. மாலைக்குள் சேலையின் முன்பக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாகிவிட்டது. மாமா இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று ஏற்றின கூடைகள்தான் அந்தப் பருவத்திலேயே அதிகம் என்று சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினோரு நாள் ஓடியது. மூன்று தண்ணீரும் ஊற்றினார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அத்தை கண்ணீர் விட்டாள். சித்திரைக் கடைசி வெள்ளியன்று கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தார்கள். அந்த மரத்துக் காயை எனக்கும் ஒரு கீற்று நறுக்கிக் கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று பரிசலை அக்காதான் தள்ளினாள். நடுவில் உட்கார் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. கரை வந்ததும், "பாத்துப் போ பிள்ள" என்றாள். அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போனபோது தம்பி பிறந்திருந்தான். வைகாசியில் அக்காவுக்கு மலையில் கல்யாணம் நடந்ததாகப் பேச்சோடு பேச்சாக ஒருநாள் காதில் விழுந்தது. அத்தைக்குக் கடைசிவரை குழந்தை இல்லை. என் ஒரு கடிதான் காரணம் என்று நான் ரகசியமாக நம்பிக்கொண்டிருந்த வருஷங்கள் உண்டு. அத்தையோ, ஆத்தா தன் வீட்டில் வந்து பதினோரு நாள் தங்கினாள் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே வாழ்ந்து முடித்தாள். அத்தையிடம் நான் உண்மையைச் சொன்னதில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்தவரின் வீட்டுக் கல்யாணத்துக்காக ஏலப்பாறைக்குப் போனேன். தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு நிற்காமல் இறங்கி, ஒரு டீக்கடையில் விசாரித்தேன். கீழே மாந்தோட்டத்தில் காவலிருந்த ஒருவரின் மகள் என்றேன். மலையில் இந்த மாதிரி விவரம் போதும். ஒரு பையன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே வந்து வீட்டைக் காட்டினான்.

அக்கா மெலிந்திருந்தார். 'ள்' விகுதி இப்போது வாயில் வரவில்லை, அதனால் மரியாதையோடே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த கை, விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்திருந்தது. யாரென்று சொல்வதற்குள்ளேயே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரவைத்தார். பேரப்பிள்ளைகள் கதை, கணவர் போன கதை, கம்பெனி தரவேண்டியதைத் தந்த கதை எல்லாம் சாதாரணமாகச் சொன்னார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு வந்தது அம்மையில்லீங்க. நான் அந்த மரத்துக் காயக் கடிச்சேன்."

அவர் சிரித்தார். "இதச் சொல்லவா மலையேறி வந்த? எனக்கு அன்னைக்கே தெரியும். எங்க அப்பாவுக்குத் தெரியும். ஒங்க மாமா மாங்காய்க்குள்ளயே பொறந்து வளந்தவரு, மோந்து பாத்தா போதும். அவருக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க..."

"நல்ல பறிப்பு நேரம். எனக்கு எடம் கெடச்சா அப்பாவும் கெளம்பிருவாரு. காவலுக்கும் ஆளில்ல, காய் பிரிக்கவும் ஆளில்ல. அம்மைன்னா ஒருத்தரும் மறுத்துக் கேட்க முடியாது பாரு. நீ சத்தியம் பண்ணவும் அவருக்குச் சுலபமாப் போச்சு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. இத்தனை வருஷம் நான் ஏமாற்றியதாக நினைத்தவர்களில் ஒருவர்கூட ஏமாறவில்லை. குற்றம் மாமாவுடையது, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? இதை நான் வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். இல்லை, என் முகத்திலேயே தெரிந்திருக்கலாம்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"நாங்க சொல்லி எடுபடாது பிள்ள. நீ ஒருத்தி சொல்லியிருந்தா அவரால மறுக்க முடிஞ்சிருக்காது. அதுக்குத்தான் மூணு நாளும் ஒம் பக்கத்துல வந்து உக்காந்தேன்" என்றார். "சொல்லிருவேன்னுதான் நெனச்சேன். புதன்கெழம பொழுதடையுற வரைக்கும் நெனச்சேன்."